சஸ்பென்சனுக்கு ஒரு மூளை மாற்று சிகிச்சை

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதான் எதுவும் எழுத முடியல. ஆனா இந்த மேட்டரை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஒரு காரைப் பத்தினது. உடனே "ஆகா, பயபுள்ள போர்ஷே வாங்கிட்டானா"ன்னு கண்ணு வெக்காதீங்க. நம்மளது லட்சம் மைல் தாண்டின கரோலா. அதுல சஸ்பென்சன் அப்கிரேடு பண்றதும், மாட்டு வண்டிக்கு ஏசி போடறதும் ஒண்ணுதான். நான் சொல்லப் போறது அண்ணனோட வண்டி.

அண்ணன்னா கூடப் பொறந்தவர் இல்லீங்க. கோயமுத்தூர்ல நான் படிச்ச அதே இஞ்சினியரிங் காலேஜ்ல எனக்கு 15 வருசம் முன்னாடி மெக்கானிக்கல் படிச்சவர். இங்க நார்த் கரோலினாவுல கேரி ஊர்ல இருக்கார். மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுற கோடானுகோடி தமிழர்கள்ல அவரும் ஒருத்தர். ஆனா உள்ளுக்குள்ள இருக்கற மெக்கானிக் சாகல. மூணு வருசம் முன்னாடி ஒரு பழைய போர்ஷே கேமன் எஸ் வாங்கினார். 987 வகை. டிரைவர் முதுகுக்குப் பின்னாடி, நடு வண்டியில 3.4 லிட்டர் இஞ்சின். கேரி வெங்கடேஸ்வரா கோவில்ல பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி, முறைப்படிதான் ஆரம்பிச்சார்.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு வண்டியோடது, இன்னொண்ணு அண்ணனோடது.

வண்டி பிரச்சினை: முன்னாடி வெச்சிருந்த புண்ணியவான், கம்பெனி ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு இறுக்கமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தி வெச்சிருந்தார். பாக்க சும்மா சிறுத்தை மாதிரி இருக்கும். அண்ணன் பிரச்சினை: அவரு இடுப்புல டிஸ்க் கொஞ்சம் நகந்திருக்கு. ஐ-40 ஹைவேயில கான்கிரீட் போட்ட பக்கம் போனா, ஒவ்வொரு இணைப்புலயும் தடக், தடக், தடக். அந்தத் தடக் நேரா முதுகுத்தண்டுல போய் கையெழுத்து போடும்.

அண்ணி ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே எங்கிட்ட பஞ்சாயத்து வெச்சாங்க. "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. இடுப்புல பெல்ட்டு கட்டிக்கிட்டு யாராச்சும் ரேஸ் காரு ஓட்டுவாங்களா?"

அண்ணன் பேசாம ரசத்தைக் குடிச்சிட்டு சொன்னார். "இந்த வருசம் சரி பண்ணிப் பாக்கறேன். ஆகலைன்னா குடுத்துடலாம்." அவரு குரல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. ஆளு வருத்தத்தைக் காட்டிக்க மாட்டாரு. ஆனா மகளை ஹாஸ்டலுக்கு அனுப்பற அப்பா மாதிரி இருந்துச்சு அந்தக் குரல்.

சரி, மேட்டருக்கு வருவோம். கொஞ்சம் பாடம் நடத்தப் போறேன், கொட்டாவி விடாதீங்க.

ஒரு காரைத் தாங்கறது ஸ்பிரிங். ஆனா ஸ்பிரிங் மட்டும் இருந்தா ஒரு பள்ளத்துல இறங்கின வண்டி அடுத்த தெரு வரைக்கும் ஆடிக்கிட்டே போகும். அந்த ஆட்டத்தைக் கொல்றது டாம்பர். நம்மூர்ல ஷாக் அப்சார்பர்னு சொல்லுவோமே, அதே தான். உள்ள எண்ணெய், ஒரு பிஸ்டன், சின்னச் சின்ன ஓட்டைகள். எண்ணெய் ஓட்டை வழியா கஷ்டப்பட்டுப் போகும்போது ஆட்டத்தோட சக்தி சூடா மாறிடும். அவ்ளோதான்.

ஓட்டை சின்னதா இருந்தா டாம்பர் இறுக்கம், வண்டி ஆடாது, ஆனா முதுகு போயிடும். ஓட்டை பெருசா இருந்தா சொகுசு, ஆனா வளைவுல வண்டி படகு மாதிரி சாயும். வழக்கமான டாம்பர்ல கம்பெனிக்காரன் ஏதோ ஒரு நடுப்புள்ளியைப் புடிச்சி கையைக் கழுவிடுவான். அடாப்டிவ் டாம்பர்ல அந்த ஓட்டையை ஓடும்போதே மாத்தலாம். மின்சாரத்துல வேலை செய்யற ஒரு வால்வு, அதுக்கு எவ்வளவு கரண்ட்டு குடுக்கணும்னு முடிவு பண்ண ஒரு கண்ட்ரோலர் பொட்டி.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 1983லயே டொயோட்டா சோரர் கார்ல மின்னணு டாம்பர் வந்துடுச்சு. அதே 1983ல லோட்டஸ் 92ங்கற ஃபார்முலா ஒன் காரு முழு ஆக்டிவ் சஸ்பென்சனோட ஓடுச்சு. அது டாம்பரை இறுக்கறதோட நிக்காது, ஹைட்ராலிக்ஸ் வெச்சு சக்கரத்தையே ஏத்தி இறக்கும். 1987ல மொனாக்கோவுல அயர்டன் சென்னா லோட்டஸ் 99டியில ஜெயிச்சது அந்த மாதிரி காரு வாங்கின முதல் வெற்றி. 1992ல வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி வந்து எல்லாரையும் துவைச்சி காயப் போட்டுச்சு. மேன்செல் அந்த ஒரே வருசத்துல 9 ரேஸ் ஜெயிச்சார். "இது டிரைவருக்கும் டிரைவருக்கும் போட்டியா, கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் போட்டியா"ன்னு சண்டை வந்து, 1994ல இருந்து தடை பண்ணிட்டாங்க.

தெருவுல ஓடற காருக்கு அவ்வளவு பெரிய ஹைட்ராலிக்ஸ் கட்டுப்படி ஆகாது. அதனால வந்தது செமி ஆக்டிவ், அதாவது பாதி ஆக்டிவ். சக்தியை உள்ள செலுத்தாது, ஆட்டத்துல இருந்து உறிஞ்சறதை மட்டும் கூட்டிக் குறைக்கும். 2002ல காடிலாக் செவில் எஸ்டிஎஸ்ல மேக்னரைடு வந்துச்சு. அதுல எண்ணெய்க்குள்ள இரும்புத் துகள் கலந்திருக்கும். காந்தப் புலம் வெச்சா எண்ணெயே கெட்டியாகிடும், வால்வே வேணாம். வினாடிக்கு 1000 தடவை ரோட்டைப் படிக்கும்னு சொல்லுவாங்க. 60 மைல் வேகத்துல கணக்கு போட்டா, ஒவ்வொரு இஞ்ச்சுக்கும் ஒரு தடவை. 2004ல வந்த 997 வகை போர்ஷே 911ல பில்ஸ்டைன் டாம்பரோட பிஏஎஸ்எம்ங்கற ஏற்பாடு இருந்துச்சு. அண்ணனோட கேமன்லயும் அதேதான். ஒரு பட்டன். நார்மல், ஸ்போர்ட்.

இப்ப நான் அசந்து போன இடம். இந்தப் பொட்டிக்குள்ள இருக்கற லாஜிக்குக்கு அடிப்படை 1974ல டீன் கார்னாப்புன்னு ஒரு பேராசிரியரும் கூட்டாளிகளும் எழுதின ஒரு கட்டுரை. ஸ்கைஹூக்னு பேரு. வானத்துல ஒரு கொக்கி இருக்கு, அதுல ஒரு டாம்பரை மாட்டி மறு முனையில காரைத் தொங்க விட்டிருக்கோம்னு கற்பனை பண்ணிக்கங்க. ரோடு என்ன ஆட்டம் போட்டாலும் காரு வானத்தைப் புடிச்சிக்கிட்டு அமைதியா போகும். வானத்துல கொக்கி கிடையாது, சரி. ஆனா இருக்கற மாதிரி நடிக்கலாம்.

எப்படி? காரோட உடம்பு மேல போகுது, டாம்பரும் நீளுதுன்னு வெச்சுக்கங்க. அப்ப டாம்பரை இறுக்கினா அது உடம்பைக் கீழ இழுக்கும். நல்லது, இறுக்கு. உடம்பு மேல போகுது, ஆனா டாம்பர் சுருங்குது, அதாவது சக்கரம் அதை விட வேகமா மேல வருதுன்னா? அப்ப இறுக்கினா உடம்பை இன்னும் மேல தள்ளும். அப்ப தளர்த்திடு. கீழ போகும்போது இதையே திருப்பிப் போட்டுக்க வேண்டியது. அம்புட்டுதாங்க. ஒரு இஃப், ஒரு எல்ஸ். நாம தினமும் நூறு எழுதறோமே, அதே இஃப் எல்ஸ். அதை வெச்சு ஒரு மனுசனோட முதுகைக் காப்பாத்தலாம்னு எனக்கு யாரும் காலேஜ்ல சொல்லித் தரல.

அண்ணன் வண்டியில ஏன் இது சரியா வேலை செய்யல? பொட்டி மேல தப்பு இல்ல. கம்பெனி இஞ்சினியருங்க அவங்க ஸ்பிரிங்குக்கு கணக்கு போட்டு எழுதின நம்பர்கள் அதுக்குள்ள இருக்கு. அந்த ஸ்பிரிங் இப்ப வண்டியில இல்ல. டாம்பிங் எவ்வளவு வேணும்ங்கறது ஸ்பிரிங்கோட இறுக்கத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஸ்பிரிங் 30 சதவீதம் இறுக்கம் ஆனா, அதே மாதிரி அடங்கறதுக்கு டாம்பிங் சுமார் 14 சதவீதம் கூடணும். பொட்டிக்கு அது தெரியாது. அதனால நார்மல்ல போட்டா ஆட்டம் அடங்காம குதிக்குது, ஸ்போர்ட்ல போட்டா கட்டை வண்டி. நடுவுல எதுவும் இல்ல.

வழிகள் மூணு. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடலாம். ஆனா ட்ராக்குல அந்த இறுக்கமான ஸ்பிரிங் அண்ணனுக்குப் புடிச்சிருந்துச்சு. மொத்த சஸ்பென்சனையும் மாத்தலாம். செலவைச் சொன்னா அண்ணி எங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. மூணாவது, டாம்பர் அப்படியே இருக்கட்டும், மூளையை மட்டும் மாத்து. டிஎஸ்சி ஸ்போர்ட்ங்கற பேர்ல போர்ஷே, நிசான் ஜிடி-ஆர், கார்வெட்னு பல வண்டிக்கு இந்த மாதிரி கண்ட்ரோலர் விக்கிறாங்க. பழைய பொட்டியைக் கழட்டிட்டு அதே கனெக்டர்ல இதை மாட்டிடலாம். லேப்டாப்பை யூஎஸ்பியில சொருகினா உள்ள இருக்கற டேபிள் எல்லாம் திறந்து கெடக்கும். நாமளே மாத்திக்கலாம். ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். சும்மா இல்லதான், ஆனா மத்ததோட பாத்தா பரவாயில்ல.

"தம்பி, டாம்பர் என்னோட சப்ஜெக்ட்டு. டேபிள் உன்னோட சப்ஜெக்ட்டு. வர்றியா?"ன்னார்.

"வர்றேங்ணா. ஆனா ஒரு கண்டிசன்"னேன். "ஒரு தடவைக்கு ஒரு நம்பர்தான் மாத்துவோம். மாத்தினதை எழுதி வெப்போம். என்ன ஆச்சுன்னு ஓட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்தது."

"ஏண்டா, நீ என்ன ஆடிட்டரா?"

"ப்ரொடக்சன்ல கை வெக்கறவன் எல்லாருமே ஆடிட்டர் தாங்ணா."

மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விசயத்தை உறுதி பண்ணிக்கிட்டோம். இந்தப் பொட்டி டாம்பரை மட்டும்தான் ஆளுது. பிரேக்கோட ஏபிஎஸ், வழுக்கும்போது காப்பாத்தற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், அதெல்லாம் வேற பொட்டி, வேற ஆளு. அதுல நாங்க விரல் கூட வெக்கல. ரெண்டாவது, பழைய பொட்டியைப் பத்திரமா துணி சுத்தி அலமாரியில வெச்சோம். எப்ப வேணும்னாலும் திரும்ப மாட்டிக்கலாம். ரோல்பேக் இல்லாம நான் எதையும் தொடறது இல்ல, அது போர்ஷேயா இருந்தாலும் சரி.

"சொந்தக் காருலயே சாஃப்ட்வேரை மாத்தலாமா, சட்டம் ஒத்துக்குமா"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. அமெரிக்காவுல காப்புரிமைப் பூட்டை உடைக்கறது குத்தம்னு ஒரு சட்டம் 1998ல வந்துச்சு. அதைக் காட்டி, உன் காரு உன்னோடது, ஆனா அதுக்குள்ள இருக்கற கோடு எங்களோடதுன்னு வாதம் பண்ண முடிஞ்சுது. 2015ல காங்கிரஸ் நூலகம் இதுக்கு ஒரு விலக்கு குடுத்துச்சு. ரிப்பேருக்கோ, சட்டத்துக்கு உட்பட்ட மாத்தத்துக்கோ வண்டிக்காரன் தன் வண்டி சாஃப்ட்வேரைத் தொடலாம்னு. 2018ல அந்த விலக்கைக் கொஞ்சம் பெருசாக்கி, வெளியாள் உதவியும் வாங்கலாம்னாங்க. எங்க கேசுல எந்தப் பூட்டையும் உடைக்கல, பொட்டியையே மாத்திட்டோம். ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. ஒரு பொருளைக் காசு குடுத்து வாங்கினப்புறம், அது எப்படி நடந்துக்கணும்ங்கறதை முடிவு பண்ற நாலு டேபிள் யாரோடது? டிராக்டர்ல இருந்து ஃபோன் வரைக்கும் இதே கேள்விதான். நம்ம பொழப்பே அந்த டேபிளை எழுதறதுங்கறதால எனக்கு இதுல கொஞ்சம் குத்த உணர்ச்சி கூட உண்டு :-)

இப்ப டேபிளுக்கு வருவோம். முதல் டேபிள் வேகத்துக்கு. இத்தனை மைல் வேகத்துல நாலு சக்கரத்துக்கும் அடிப்படை இறுக்கம் இத்தனை சதவீதம். அப்புறம் பக்கவாட்டு விசைக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, வேகம் எடுக்கறதுக்கு ஒண்ணு. கடைசியா இருக்கறதுதான் சூட்சுமம். விசை எவ்வளவுங்கறது இல்ல, விசை எவ்வளவு வேகமா மாறுதுங்கறது.

இதைப் புரிஞ்சிக்க காந்திபுரத்துல இருந்து உக்கடம் போற டவுன் பஸ்ஸுல சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுங்க. புதுசா ஏறினவன், டிரைவர் பிரேக் போட்டப்புறம் கம்பியைத் தேடுவான். அதுக்குள்ள முன்னாடி நிக்கறவர் மேல விழுந்து திட்டு வாங்கியிருப்பான். தினமும் போறவன் அப்படி இல்ல. டிரைவரோட கால் பெடல்ல இருந்து எடுத்த சத்தம், ஹாரன், தூரத்துல சிக்னல், இதுலயே அவனுக்குத் தெரிஞ்சிடும். பிரேக் புடிக்கறதுக்கு முன்னாடியே கால் இறுகிடும். பஸ்ஸு நின்னதும் காலை தளர்த்திடுவான். கையில டிபன் கேரியர் ஆடாது. ரெண்டு பேருக்கும் அதே காலு, அதே பலம். வித்தியாசம் எப்ப இறுக்கணும்ங்கறதுல தான்.

இந்தக் கண்ட்ரோலரும் அந்த ரெண்டாவது ஆளு மாதிரி ஆகணும். ஸ்டீயரிங் எவ்வளவு வேகமா திரும்புது, பிரேக் அழுத்தம் எவ்வளவு வேகமா ஏறுது, இதெல்லாம் காரோட கேன் பஸ்ஸுல (இது வேற பஸ்ஸு) ஓடிக்கிட்டே இருக்கு. சாயறதுக்கு முன்னாடியே பொட்டிக்குத் தகவல் வந்துடும். 70 மைல் வேகத்துல நூத்துல ஒரு வினாடிக்குள்ள வண்டி 31 சென்டிமீட்டர் போயிடும், நாம ஸ்கூல்ல வெச்சிருந்த ஒரு அடி ஸ்கேல் நீளம். அந்த ஒரு ஸ்கேல் முன்கூட்டியே இறுகினா வண்டி தயாரா வளைவுக்குள்ள போகுது. பிந்திச்சுன்னா, சாஞ்சப்புறம் பதறுது.

நான் ரொம்ப நாளா தப்புன்னு தெரியாம நம்பிக்கிட்டிருந்த விசயம், நீங்களும் நம்பிக்கிட்டிருக்கலாம்னு நெனைக்கிற ஒண்ணை அண்ணன் ஒரு பேப்பர் நாப்கின்ல போட்டுக் காமிச்சார். டாம்பரை இறுக்கினா வளைவுல எடை ஒரு பக்கம் சாயறது குறையும்னு நெனைப்போம். குறையாது! 1400 கிலோ வண்டி, எடையோட மையம் தரையில இருந்து 48 சென்டிமீட்டர், சக்கரத்துக்கு சக்கரம் 1.5 மீட்டர்னு கணக்குக்கு வெச்சுக்கங்க. ஒரு ஜி விசையில வளைஞ்சா, 1400ஐ 0.48ஆல பெருக்கி 1.5ஆல வகுத்தா 448 கிலோ. அவ்வளவு பாரம் உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கத்துக்கு மாறியே தீரும். அதை எந்தக் கொம்பன் டாம்பராலும் தடுக்க முடியாது. டாம்பர் முடிவு பண்றது ரெண்டே ரெண்டு. அந்த பாரம் எவ்வளவு வேகமா போய்ச் சேருது, சேர்ற அந்த நேரத்துல முன் சக்கரம் எவ்வளவு வாங்குது, பின் சக்கரம் எவ்வளவு வாங்குது. எந்தப் பக்கம் இறுக்கமோ அந்த ஜோடி அதிகமா வாங்கும், அதிகமா வாங்கின ஜோடி முதல்ல பிடியை விடும். ஹேண்ட்லிங்னு வாய் கிழியப் பேசறமே, அதுல பாதி இந்த அரை வினாடிக் கதைதான்.

மொத வேலை ஹைவே. அடிப்படை டேபிள்ல 55ல இருந்து 75 மைல் வரைக்கும் உள்ள கட்டத்துல மட்டும் கை வெச்சோம். 20ல இருந்து 24. ஐ-40ல போய் அதே கான்கிரீட் துண்டுல ஓட்டினோம். குதிப்பு குறைஞ்சிது. 28. குதிப்பு போயிடுச்சு, தடக் லேசா கூர்மையாச்சு. 26. அண்ணன் பேசிக்கிட்டிருந்த பேச்சை நிறுத்தாம ஓட்டிக்கிட்டே இருந்தார். எனக்கு அதுதான் டெஸ்ட் ரிசல்ட்டு. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு தடக்குக்கும் பேச்சு ஒரு எழுத்து விட்டுப் போகும். மூணு வாரக்கடைசி, 17 தடவை ஓட்டினது. எல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்.

அப்புறம் ட்ராக்கு. கேரியில இருந்து ஒன்றரை மணி நேரத்துல வர்ஜீனியா எல்லையைத் தாண்டினதும் ஆல்ட்டன்ல வர்ஜீனியா இண்டர்நேசனல் ரேஸ்வே இருக்கு. 1957ல ஆரம்பிச்சு, 1974ல மூடி, 2000ல திரும்பத் திறந்த இடம். முழுச் சுத்து 3.27 மைல். சுத்தி மேடும் பள்ளமும் புல்வெளியும். ஓக் மரத்து வளைவுன்னு ஒண்ணு இருக்கு, பேருக்குக் காரணமான அந்தப் பெரிய மரம் 2013ல விழுந்துடுச்சு. மரம் போயும் பேரு நிக்குது, நம்மூர்ல ஆலமரத்து ஸ்டாப்புன்னு சொல்லுவோமே, மரம் இருக்காது, அந்த மாதிரி. எனக்குப் புடிச்சது மேடேறிக்கிட்டே இடது வலது இடதுன்னு வளையற எஸ் வளைவுகள். 448 கிலோவும் இந்தப் பக்கம் போய் உக்காரதுக்குள்ள அந்தப் பக்கம் கூப்பிடுவாங்க. டாம்பருக்கு இதை விடப் பெரிய பரீட்சை கிடையாது.

காலையில முதல் ரவுண்டு முடிச்சிட்டு வந்து அண்ணன் சொன்னார். "திருப்பறேன், மூக்கு கேக்க மாட்டேங்குது. அரை நொடி யோசிச்சிட்டுதான் வருது. பின்னாடி 15 ஏத்து, சுத்தமா வந்துடும்."

பின் பக்கம் இறுக்கினா மூக்கு சீக்கிரம் திரும்பும், அவர் சொன்னது சரிதான். ஆனா இது நடு இஞ்சின் வண்டி. எடை எல்லாம் நடுவுல குவிஞ்சிருக்கறதால சட்டுனு திரும்பும், வால் விட்டாலும் அதே மாதிரி சட்டுனு விடும். மேடேறற எஸ் வளைவுல வால் விட்டா புல்லுல சறுக்கிட்டு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது.

"15 வேணாங்ணா. 3."

"அடேய், 3 ஏத்தினா எனக்குத் தெரியவே தெரியாதுடா."

"தெரியலைன்னா இன்னும் 3. அண்ணிக்கு நான் பதில் சொல்லணும்."

கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கையில வெச்சிக்கிட்டு என்னைப் பாத்தார். என்னை விட 15 வருசம் மூத்தவர், வண்டி அவரோடது, டாம்பர் பத்தி என்னை விட நூறு மடங்கு தெரிஞ்சவர். "சரி போடு"ன்னுட்டார். எனக்கு உள்ள கை லேசா நடுங்குச்சு. ஒரு நம்பரை டைப் பண்ணி எண்டர் தட்டறதுக்கு என் சர்வீஸ்ல எனக்குக் கை நடுங்கினது அது தான் முதல் தடவை. ஆபீஸ்ல நான் எழுதற கோடு தப்பாச்சுன்னா எங்கயோ ஒரு இன்சூரன்ஸ் ஃபாரம் சிவப்பு எழுத்துல கத்தும், ஒரு டிக்கெட் வரும், அவ்வளவுதான். இங்க அந்த நம்பர் மேல நெஞ்சு பட்டை கட்டிக்கிட்டு ஒரு மனுசன் உக்காரப் போறார். ரெண்டு புள்ளைங்களோட அப்பா.

3. அப்புறம் இன்னும் 3. அப்புறம் முன் பக்கம் ஸ்டீயரிங் வேக டேபிள்ல 2 குறைச்சோம். மத்தியானத்துக்கு மேல வந்து இறங்கினவர் ஹெல்மெட்டைக் கழட்டாமயே கட்டை விரலைத் தூக்கினார். "9 வேணுமா?"ன்னேன். "வேணாம், இதுலயே நிறுத்து"ன்னார்.

அவரு ஓட்டின குரூப்புல பக்கத்துல ஆள் ஏத்திக்க அனுமதி இருந்துச்சு. கடைசி ரவுண்டு என்னை உக்கார வெச்சார். எஸ் வளைவுகள்ல ஏறும்போது எனக்கு வயிறு ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம் போச்சு. ஆனா வண்டி ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தடவைதான் சாஞ்சுது. சாஞ்சு, நின்னு, அடுத்ததுக்குத் தயாரா இருந்துச்சு. ஊஞ்சலாட்டம் இல்ல. அந்த 6ம், அந்த 2ம் என் முதுகுலயும் தொடையிலயும் தெரிஞ்சுது. நான் எழுதின ஒரு எண்ணை என் உடம்பால தொட்டது, அது தான்.

உண்மையைச் சொல்லிடறேன், ஸ்டாப்வாட்ச் பெருசா ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் நேரம் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. ஆனா காலையில டயர் வேற, வெயில் வேற, அண்ணனோட தூக்கக் கலக்கம் வேற. பொட்டியாலதான் குறைஞ்சிதுன்னு சொன்னா நான் இஞ்சினியர் இல்ல, விளம்பரக்காரன். மாறினது வேற. காலையில அண்ணன் ஸ்டீயரிங்கைக் கோழி புடிக்கற மாதிரி இறுக்கிப் புடிச்சிருந்தார். சாயங்காலம் விரல்ல ஓட்டினார். பயம் குறைஞ்ச மனுசன் நல்லா ஓட்டுவான், அது எந்த டேபிள்லயும் இல்ல.

வரும்போது அதே வண்டியில ரோட்டு மேப்புக்கு மாத்திட்டு ஐ-40ல வந்தோம். வீட்டு வாசல்ல இறங்கும்போது அவர் கதவைப் புடிச்சிக்காம எழுந்து நின்னார். அண்ணி ஜன்னல்ல இருந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் பூ, காய் வாங்க அதே வண்டியில அவங்களும் போனதா கேள்வி. விக்கற பேச்சு இப்போதைக்கு இல்ல.

கம்பெனிக்காரன் எழுதின மேப்பு மட்டமானது இல்ல, அதையும் சொல்லணும். அவன் பனி ரோட்டுல போறவனுக்கும், பாலைவனத்துல போறவனுக்கும், 25 வயசுக்காரனுக்கும், 70 வயசுப் பாட்டிக்கும் ஒரே டேபிளை எழுதணும். யாரையும் கொல்லக் கூடாது, யாரும் புகார் சொல்லக் கூடாது. அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், நானும் அதைத்தானே செய்யறேன், லட்சம் பேருக்கு சுமாரா ஒத்து வர்ற ஒரு ஃபாரம். ஆனா ஒரே ஒருத்தரோட முதுகுக்கு, ஒரே ஒரு ஸ்பிரிங்குக்கு, ஒரே ஒரு ரோட்டுக்கு அளவெடுத்து எழுதறது வேற ருசி. தையக்கடையில அளவு குடுத்து தச்ச சட்டைக்கும், எம், எல், எக்செல்னு கடையில தொங்கற சட்டைக்கும் உள்ள வித்தியாசம். தைக்கறவனுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

போன வாரம் ஆபீஸ்ல அந்த ஃபாரத்துல ஒரு எர்ரர் மெசேஜை மாத்தச் சொல்லி டிக்கெட் வந்துச்சு. சாதாரணமா ரெண்டு நிமிச வேலை. இந்த தடவை, விபத்து நடந்த ராத்திரியில கை நடுங்கிக்கிட்டே இதை ஒருத்தர் நிரப்புவாரேன்னு தோணுச்சு. அரை மணி நேரம் உக்காந்து எழுதினேன்.

டிஸ்கி 1: இதைப் படிச்சிட்டு யாரும் ஹைவேயில சோதனை பண்ணக் கெளம்பாதீங்க. வளைவு, வேகம் எல்லாம் ட்ராக்குல, ஹெல்மெட்டோட. ரோட்டுல நாங்க பாத்தது சட்டப்படியான வேகத்துல முதுகு வலி மட்டும்தான்.

டிஸ்கி 2: கரோலாவுக்கு ஏதாச்சும் பொட்டி கிடைக்குதான்னு தேடிப் பாத்தேன். நாலு புது டயர் போடுன்னு சொல்லிட்டார் அண்ணன் :-(